சிக்னலே இல்லாத இடத்தில் 112-உம் போகாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கூலாயில் சின்னதாக ஒரு கைத்தொலைபேசிக் கடை வைத்திருக்கிறேன். 'சிம் வேண்டாம், சிக்னல் வேண்டாம், உலகத்தில் எங்கே மாட்டிக்கொண்டாலும் 112-ஐ அழுத்துங்கள்' என்று அவசர உதவி எண்ணைப் பற்றி ஒரு வாட்சாப் செய்தி சுற்றிக்கொண்டே இருக்கிறது. கடைக்கு வருகிறவர்களும் அதைக் காட்டி 'உண்மையா அண்ணே?' என்கிறார்கள். செம்பனை (எண்ணெய்ப்பனை)க் காட்டில் வேலை செய்கிறவர்கள் இதை நம்பி இருப்பதால்தான் எழுதுகிறேன்.

அதில் பாதிதான் உண்மை. போன் பூட்டியிருந்தாலும், டாப் அப் தீர்ந்திருந்தாலும் 112 போகும். உங்கள் சிம் நிறுவனத்தின் கோபுரம் எட்டாவிட்டால், பக்கத்தில் உள்ள வேறு நிறுவனத்தின் கோபுரம் அந்த அழைப்பை ஏற்றுக்கொள்ளும். திரையில் 'கெச்செமாசான்' (மலாயில் 'அவசரம்') என்று மட்டும் காட்டுவது அதற்குத்தான். நம் மலேசியாவில் அது நேராக நம் அவசர எண்ணான 999-க்குப் போய்ச் சேரும். ஆனால் எந்தக் கோபுரமும் எட்டாத பள்ளத்தில் 112-உம் ஊமைதான். மேட்டுக்கு ஏறுங்கள், இல்லையென்றால் மெயின் ரோட்டுக்கு ஆளை அனுப்புங்கள். சிம் இல்லாத அழைப்பையும் எல்லா நாடுகளும் விடுவதில்லை. விளையாட்டு அழைப்புகளின் தொல்லை தாங்காமல் ஜெர்மனி அதை 2009-லேயே நிறுத்திவிட்டது.

விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூர் வேலைக்கு ஓடும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. இங்கே போலீஸ், ஆம்புலன்ஸ், பொம்பா (தீயணைப்பு) எல்லாவற்றுக்கும் 999. பாலம் தாண்டினால் 999 போலீசுக்கு. ஆம்புலன்சுக்கும் தீயணைப்புக்கும் 995. பள்ளி விடுமுறையில் தாய்லாந்தின் ஹாட்யாய் போகிறவர்கள் ஆம்புலன்சுக்கு 1669, சுற்றுலாப் போலீசுக்கு 1155 என்று குறித்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுக் கோயில்களுக்குப் போனால் ஆம்புலன்சுக்கு 108, பொதுவாக 112.

சரி, எண் கிடைத்துவிட்டது. எங்கே இருக்கிறோம் என்று சொல்ல வேண்டுமே! 'ரெண்டாம் டிவிஷன், மாரியம்மன் கோயில் பக்கம்' என்றால் எங்கோ உட்கார்ந்து 999-ஐ எடுப்பவருக்கு என்ன புரியும்? மாரியம்மன் கோயில் இல்லாத தோட்டம் ஏது? செம்பனை பிளாக்கின் மூலையில் ஒரு பலகை நட்டிருப்பார்கள். பிளாக் எண், நட்ட ஆண்டு, எத்தனை ஹெக்டர் என்று அதில் இருக்கும். தோட்டத்தின் பெயர், பக்கத்து ஊர், அந்த பிளாக் எண், எந்த கேட் வழியாக வண்டி நுழைய வேண்டும் என்பதை மலாயில் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். வாட்சாப்பில் இடத்தை அனுப்பலாமே என்பார்கள். அதற்கு இணையம் வேண்டும், பள்ளத்தில் அது எங்கே வரும்? அப்புறம், ராத்திரியில் பூட்டும் கேட்டின் சாவி யாரிடம் இருக்கிறது என்பது தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தோட்ட நிர்வாகங்கள் இதைப் பலகையில் எழுதிப் போட்டால் ஒரு டின் பெயிண்ட்தான் செலவு.

உங்கள் ஞாயிறு பதிப்பில் இந்த எண்களைக் கத்தரித்து ஒட்டும்படி ஒரு கட்டத்தில் போடுங்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும், தாத்தா பாட்டிகளும் படிக்க வேண்டும்.

இப்படிக்கு,
கைத்தொலைபேசிக் கடைக்காரர்,
கூலாய், ஜொகூர்