வார்டில் அம்மாவைப் பார்த்தது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் பிரித்தானிய அரச கொடுப்பனவுகள் பற்றி வந்த கட்டுரையில் ஒரு வரி இருந்தது: "ஆஸ்பத்திரியில் இருப்பவரை அரசாங்கமே பார்த்துக்கொள்வதால், பராமரிப்புப் பணம் நிற்பது நியாயம்தான்." பதினைந்து வருடமாக உங்கள் பத்திரிகையைக் கோயிலடியில் எடுத்துவந்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டுகிறேன். அந்த வரியை மட்டும் வாசிக்காமல் தாண்டிவிட்டேன்.

அம்மாவுக்கு எண்பத்து மூன்று வயது. போன மாரியில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. வார்டில் மத்தியானச் சாப்பாட்டைக் கட்டிலின் கால்மாட்டு மேசையில் வைத்துவிட்டுப் போவார்கள். அது அம்மாவின் கைக்கு எட்டாது. நான் போய்ச் சேரும்வரை மூடி திறக்காமல் ஆறிக் கிடக்கும். தாதிமாரில் எனக்குக் குறையில்லை, அந்தப் பிள்ளைகளும் எத்தனை பேரைத்தான் பார்ப்பார்கள். வீட்டிலிருந்து இடியப்பமும் சொதியும் கொண்டுபோய்க் குழைத்துத் தீத்தியது நான். "அடிவயிறு கடுக்குது" என்று அம்மா சொன்னது என்னவென்று கேட்டு இரவு பதினொரு மணிக்கு வார்டிலிருந்து போன் வந்ததும் எனக்குத்தான். வீட்டில் பார்த்ததைவிட அங்கேதான் கூடப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் 28 நாள் கடந்தால் அட்டென்டன்ஸ் அலவன்ஸ், அதாவது பராமரிப்புத் தேவைப்படும் முதியவருக்கு வரும் பணம், நிற்கும் என்று உங்கள் கட்டுரையாளர் சரியாகவே எழுதியிருக்கிறார். எழுதாமல் விட்டதுதான் எங்களை விழுத்தியது. அம்மா முதலில் 23 நாள் இருந்தார். வீட்டுக்கு வந்து 12 நாளில் சளி நெஞ்சில் இறங்கி, திரும்பவும் வார்ட். இடையில் 28 நாளுக்கு மேல் வீட்டில் இருந்திருக்காவிட்டால் இரண்டு தடவையையும் சேர்த்தே எண்ணுவார்களாம். நானோ ஒன்றிலிருந்து புதிதாக எண்ணிக்கொண்டிருந்தேன். ஐந்தே நாளில் கணக்கு நிறைந்துவிட்டது. அம்மாவின் பணத்தோடு, அவரைப் பராமரிப்பதற்காக எனக்கு வரும் கெயரர்ஸ் அலவன்ஸும் நின்றது. அறிவிக்கப் பிந்தியதால், கூடுதலாகப் போன பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம். அம்மாவின் கட்டிலடியில் இருந்துதான் அதைப் பிரித்தேன்.

அப்படி என்ன பெரிய பணம்? 2025-26 இல் கெயரர்ஸ் அலவன்ஸ் கிழமைக்கு 83.30 பவுண். அதற்குக் கிழமைக்குக் குறைந்தது 35 மணித்தியாலம் பராமரிக்க வேண்டும். மணித்தியாலத்துக்கு 2 பவுண் 38 பென்ஸ். அந்த வருடம் வெளியில் வேலைசெய்து கிழமைக்கு 196 பவுணுக்கு மேல் கையில் வந்தால், ஒரு பவுண் கூடினாலும் அலவன்ஸ் முழுவதும் போய்விடும் என்று இருந்தது. இந்தப் பயத்தில் கடையில் மேலதிக நேரம் வேண்டாம் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். இதைப் பற்றி உங்கள் பத்திரிகையில் ஒரு வரி பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

2015 இல் இந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் கடும் நோயுள்ள ஒரு சிறுவனின் வழக்கில் என்ன சொன்னது என்று உங்களுக்குத் தெரியாமல் இராது. ஆஸ்பத்திரியில் இருந்த காலத்திலும் பிள்ளையைப் பெற்றோரே பார்த்தார்கள், அவர்களுக்குச் செலவு குறையவில்லை, ஆகவே பணத்தை நிறுத்தியது பிழை என்றது. அடுத்த வருடம் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குச் சட்டத்தையே மாற்றினார்கள். பிள்ளைக்கு உள்ள நியாயம் என் அம்மாவுக்கு ஏன் இல்லை? இதை அல்லவா ஐயா நீங்கள் கேட்டிருக்க வேண்டும்?

எங்கள் சனம் ஒன்றை அரைகுறையாகக் கேட்டால் முழுதாகப் பயந்துவிடும். எனக்குத் தெரிந்த ஒரு ஐயா, ஆஸ்பத்திரியில் கிடந்தால் வாடகை உதவியும் நின்றுவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, படுக்கையிலிருந்தே கவுன்சில் வீட்டைக் கையளித்தார். பென்ஷன்காரருக்கு அந்த வாடகை உதவி, அதாவது ஹவுசிங் பெனிபிட், வீடு திரும்பும் எண்ணம் இருந்து, 52 கிழமைக்குள் திரும்பக்கூடும் என்றால் தொடரும். வேலைசெய்யும் வயதினருக்கான யுனிவர்சல் கிரெடிட் உதவிப்பணத்தில் வாடகைப் பங்கு ஆறு மாதம்வரை வரும். இதைச் சொல்ல அவருக்கு ஒருவரும் இருக்கவில்லை. கடைசியில் அவர் போனது மகனின் வீட்டு முன்னறைச் சோபாவுக்கு.

அடுத்த இதழில் ஒரு சிறு பெட்டிச் செய்தி போடுங்கள். 28 நாளை எப்படிக் கூட்டுவார்கள், எத்தனையாம் நாள் அறிவிக்க வேண்டும், வாடகை எதுவரை வரும் என்று தமிழில் நாலு வரி. அந்த "நியாயம்தான்" என்ற சொல்லையும் தயவுசெய்து திருத்திவிடுங்கள். அம்மாவுக்கு நான் இன்னும் அந்தப் பக்கத்தை வாசித்து முடிக்கவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஈஸ்ட் ஹாம், லண்டன்