ஒரு வாளி ஸீனியா

உவர்மலை,
திருகோணமலை.

அன்பின் சிவா,

கடிதமும் படமும் கிடைத்தன. முழங்கால் ஒப்பரேஷனுக்குப் பிறகு மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று வாசித்ததும் நிம்மதி. இங்கே மழை விட்டபாடில்லை. வசந்திக்கு இருமல், எனக்கு வழக்கம்போல மீன்தொட்டி.

உன் படத்தைப் பார்த்ததும்தான் உடனே எழுத உட்கார்ந்தேன். உன் மீன்தொட்டியின் நடுக்கல்லில் ஊதாப் பாய் விரித்து அதன்மேல் பச்சைப் புல் முளைத்த மாதிரி இருக்கிறதே, அதை யார் தந்தது? 'கிரீன் ஸ்டார், வளர்ப்பது சுகம், இனாமாகத் தந்தான்' என்று எழுதியிருக்கிறாய். அதுவும் பாய் போலப் படரும் ஒரு முருகை, அதாவது பவள உயிர்தான். மச்சான், முருகைத் தொட்டி வைத்திருப்பவன் ஒன்றை இனாமாகத் தருகிறான் என்றால், அவன் வீட்டில் அது அடங்கவில்லை என்று அர்த்தம்.

2022 மின்வெட்டில், சில நாட்கள் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல், என் பழைய தொட்டி செத்தது உனக்குத் தெரியும். மறுபடி தொடங்கியபோது, லேசில் சாகாத ஏதாவது வேண்டும் என்று கொழும்பில் ஒரு கடையில் கேட்டு, சுண்டுவிரல் அளவு கல்லில் மூன்று தண்டு ஸீனியா வாங்கி வந்தேன். அதுவும் உன்னுடையது போல எலும்பில்லாத, வேகமாகப் பரவும் மென்முருகை. குழந்தை உள்ளங்கையை விரித்து மூடுவது போல ஓயாமல் துடிக்கும். அந்தத் துடிப்பு, உடம்புக்குள் குடியிருக்கும் பாசி வெளிவிடும் ஒட்சிசனைத் தள்ளிவிட்டு ஒளிச்சேர்க்கையைக் கூட்டுகிறது என்று செங்கடலில் ஆராய்ந்தவர்கள் 2013இல் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதெல்லாம் பிறகுதான் தெரியும். பின்னேரங்களில் தேத்தண்ணியோடு உட்கார்ந்து வாய் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

ஆறு மாதத்தில் பின்பக்கம் முழுக்க அது. தண்டு நெடுக்காகப் பிளந்து இரண்டாகும். மெல்ல ஊர்ந்து போகும், போன வழியில் காலின் ஒரு துணுக்கை விட்டுவிட்டுப் போகும், அந்தத் துணுக்கும் தண்டாகும். அதற்குமேல் நான் செய்த மடவேலை வேறு. பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே கையை விட்டுப் பிய்த்தேன். பிய்ந்த துண்டுகள் தண்ணீரோடு சுற்றி, இரண்டு கிழமையில் பம்பின் மூடியிலேயே முளைத்து நின்றன. தண்ணீரும் என் பிழைதான். மாரியில் மகாவலி கொட்டியாரக்குடாவில் சேற்றைக் கொண்டுவந்து கொட்டும் நாட்களில், சோம்பலில் கரையிலிருந்தே கான் கானாக அள்ளி வந்தேன். தொட்டித் தண்ணீரில் உரச்சத்தான நைத்திரேற்று லீற்றருக்கு 40 மில்லிகிராம் காட்டியது. ஸீனியாவுக்கு அது கல்யாணச் சாப்பாடு. இப்போதெல்லாம் மாரி ஓய்ந்த பிறகுதான், சல்லியில் ஒரு தம்பியிடம் சொல்லி வெளிக்கடல் தண்ணீர் எடுக்கிறேன். அளவு ஐந்துக்கு வந்தும் ஸீனியா வேகம் குறைந்ததே தவிர நிற்கவில்லை. பூச்சியத்துக்கு இறக்கினால் மற்ற முருகைகள்தான் முதலில் வெளிறும்.

கடைசியில் கைகொடுத்தது சுண்ணாம்பு. சிரிக்காதே. சுத்தமான கல்சியம் ஐதரொட்சைட்டைத் தண்ணீரில் களியாகக் குழைத்து, பம்பை நிறுத்தி, ஊசி போடும் சிரிஞ்சால் ஒவ்வொரு தண்டின் அடியிலும் வைத்தேன். சுருண்டு கரைந்துவிடும். ஒரு நாளைக்கு நாலைந்து தண்டுக்குமேல் கூடாது, தண்ணீரின் காரத்தன்மை (பிஎச்) ஏறிவிடும். அம்மாவின் வெற்றிலைத் தட்டத்துச் சுண்ணாம்பும் இதே சாமான்தான், ஆனால் அதில் என்ன கலந்திருக்கும் என்று நம்ப முடியாது. ஒரு காலத்தில் நம் நாட்டில் முருகைக்கல்லைச் சூளையில் சுட்டுத்தான் சுண்ணாம்பு எடுத்தார்கள். முருகையைச் சுட்ட சாம்பலால் முருகையைக் கொல்கிறேன் என்று நினைத்தபோது கை கொஞ்சம் கூசியது. நாய்க்குக் கொடுக்கும் பூச்சிமருந்து ஃபென்பெண்டசோலும் வேலை செய்யும். ஆனால் அது கல்லுக்குள் இருக்கும் நல்ல புழுக்களையும் சேர்த்து முடித்துவிடும். நான் தொடவில்லை.

வெட்டி எடுத்தது ஒரு வாளி சேர்ந்தது. பக்கத்து வீட்டு அண்ணர், "கடல் சாமான்தானே, கடலிலேயே கொட்டிவிடுங்கோ" என்றார். நியாயமாகத்தான் பட்டது. வாளியோடு டச்சுக்குடா வரை போனேன், மணலில் கால் வைத்தேன். அப்போதுதான் வெனிசுலாவின் மொச்சிமாவில் நடந்தது நினைவுக்கு வந்தது. உனோமியா என்று இதே ஸீனியாக் குடும்பம், இந்தோ-பசிபிக்கைச் சேர்ந்தது. மீன்தொட்டி வியாபாரத்துக்காகக் கொண்டுவந்து விட்டது என்கிறார்கள். அங்கத்தைய முருகைகளைப் போர்வை போல மூடிக்கொண்டு கிடக்கிறது. 2020இல் ஹவாயின் பேர்ள் துறைமுகத்திலும் கண்டிருக்கிறார்கள். அதுவும் நம்முடையது போல ஒரு கடற்படைத் துறைமுகம். நம் கடலிலும் ஸீனியா உண்டுதான். ஆனால் கடையில் வாங்கியது எந்தக் கடலில் பிறந்ததோ, என்ன நோயோடு வந்ததோ. டச்சுக்குடாவிலிருந்து புறாத்தீவின் முருகைப்பாறை எவ்வளவு தூரம்? 2003இல் தேசியப் பூங்காவாக்கிக் காப்பாற்றும் இடம். வாளியோடு திரும்பி வந்து முற்றத்துச் சீமெந்தில் வெயில் காணும்போதெல்லாம் காயப்போட்டேன். நாற்றத்துக்கு வசந்தி மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை.

உனக்கு அந்த யோசனை இல்லை, ஒன்டாரியோ ஏரி நன்னீர். ஆனால் இந்தக் கிழமையே ஒன்று செய். பம்பை நிறுத்து, நடுக்கல்லை வெளியே வாளிக்கு எடு, மொட்டைக் கத்தியால் பாயின் விளிம்பைக் கிளப்பு. தோல் போலவே உரிந்து வரும். ஊதாப் புள்ளி ஒன்றையும் விடாமல் பல்துலக்கும் பிரஷால் தேய். உரித்ததில் பிடித்த துண்டை ஒரு தனிக் கல்லில் ஒட்டி, சுற்றிவர அரை அடி வெறும் மணல் விட்டு வை. கண்ணாடியில் ஏறினால் பிளேட்டால் சுரண்டு. வேலை முடிந்ததும் வடிகட்டியில் புதுக் கரியும் போட்டு, கொஞ்சத் தண்ணீரும் மாற்று, அறுபட்டது நஞ்சைக் கக்கும். கைக்கு உறை, கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். கல்லை மட்டும் கொதிக்கவைத்துவிடாதே. உன் கல்லின் மூலையில் பொத்தான் போல சில தெரிகின்றன, முருகைக்கு உறவான சொவாந்திட் என்று நினைக்கிறேன். அவற்றில் சிலவற்றின் நஞ்சு ஆவியோடு மூச்சில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு.

என்னிடம் இப்போது ஒரே ஒரு ஸீனியாக் கல் தனித்தீவாக நிற்கிறது. முழுவதும் ஒழிக்க மனம் வரவில்லை. நேற்று அண்ணரின் பேரன் வந்து பார்த்துவிட்டு, "மாமா, எனக்கும் ஒரு துண்டு தாங்கோவன்" என்றான். இன்னும் பதில் சொல்லவில்லை.

உன்
குமார்