அது பானை இல்லை

அன்புள்ள மீனா,

சத்யஜித் ராயின் வங்காளிப் படம் பதேர் பாஞ்சாலியை வாங்கப்போவதாகவும், எந்த டிஸ்க் நல்லது என்றும் போனில் கேட்டாய். நான் ஆரம்பித்த இரண்டாவது நிமிஷத்தில் உனக்கு வேறு அழைப்பு வந்துவிட்டது. ஒருவிதத்தில் நல்லதுதான். அன்றைக்கே பேசியிருந்தால் பத்து வருஷமாகச் சொல்லும் பழைய பல்லவியையே பாடியிருப்பேன். பேச்சு பாதியில் நின்றதால் இந்த வாரம் மூன்று ராத்திரி உட்கார்ந்து, வீட்டில் இருக்கும் கேசட், டிவிடி, ப்ளூரே மூன்றையும் காட்சி காட்சியாக மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். இரண்டாவது ராத்திரியே உன் அம்மா எழுந்து போய்விட்டாள். அப்படிப் பார்த்ததில் உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று அகப்பட்டது. அதற்குப் பிறகு வருகிறேன்.

கேசட் உனக்கு நினைவிருக்கும். தூர்தர்ஷனில் ஞாயிறு மதியம் மாநில மொழிப் படங்கள் போட்ட காலத்தில் நான் பதிவு செய்தது. இப்போது பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது. கறுப்பு என்று ஒன்று, வெள்ளை என்று ஒன்று, நடுவில் எதுவும் கிடையாது. நான்கு ஓரமும் கொஞ்சம் கொஞ்சம் வெட்டுப்பட்டிருக்கிறது. சப்டைட்டில் வெள்ளை எழுத்து. படத்தில் வரும் தாய் சர்பஜயா வெள்ளைப் புடவையில் வந்து நின்றால் அவள் பேசுவதில் பாதி புடவைக்குள் கரைந்துவிடும். நீயும் நானும் மீதியை ஊகித்துக்கொண்டோம். அப்படி ஊகித்ததில் சில வரிகள் மூலத்தைவிட நன்றாகவே இருந்தன.

டிவிடிக்கு வருகிறேன். பிரிட்டனில் வெளியானது, உன் சித்தப்பா கொண்டுவந்து கொடுத்தது. அன்றைக்கு இதைப் பார்த்து நான் அசந்துபோனது உண்மை. ஆனால் அது பால் (PAL) என்கிற டிவி ஒளிபரப்பு முறைக்காகச் செய்த டிஸ்க். சினிமா விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடும், பால் முறையில் 25. அந்த ஒரு ஃபிரேமுக்காகப் படத்தையே 4 சதவீதம் வேகமாக ஓட்டிவிடுவார்கள். இரண்டு மணி ஐந்து நிமிஷப் படம் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. ஐந்து நிமிஷம் போனால் என்ன என்பாய். கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும். அப்பா ஹரிஹர் ஊரிலிருந்து திரும்பி வந்து, மகள் துர்கா இறந்தது தெரியாமல் அவளுக்காக வாங்கிய புடவையை எடுத்து நீட்டுவானே, சர்பஜயா உடைந்து அழுவாளே, அங்கே ராய் அவள் குரலை எடுத்துவிட்டு ரவிசங்கர் இசையில் தார் ஷெனாய் என்ற தந்தி வாத்தியத்தை ஒலிக்க விட்டிருக்கிறார். டிவிடியில் அது கிட்டத்தட்ட அரைக் கட்டை சுருதி ஏறிக் கேட்கிறது. ப்ளூரேயில் இறங்கிக் கேட்டபோது, அந்த ஓலம் இன்னும் அடிவயிற்றிலிருந்து வருவதுபோல இருந்தது. இத்தனை வருஷம் தப்பான சுருதியில் அழுதிருக்கிறேன்.

டிவிடியில் இன்னொரு தொல்லை, கூர்மை கூட்டியிருப்பது. துர்காவின் தம்பி அப்பு தந்திக் கம்பத்தில் காது வைத்துக் கேட்கிற இடத்தை நிறுத்திப் பார். கம்பத்தின் இரண்டு பக்கமும் மெல்லிய வெள்ளைக் கோடு தெரியும். படத்தில் இல்லாத கோடு அது, பார்ப்பவரை ஏமாற்றப் போட்டது. ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் எல்லா உருவத்தைச் சுற்றியும் அதுதான் தெரியும். உனக்குச் சொல்லியிருக்கக் கூடாதோ.

சரி, நீ "துர்கா ஏன் குண்டாகத் தெரிகிறாள்" என்று கேட்டாயே, அதற்கு டிஸ்க் மேல் பழி போடாதே. பழைய படம் கிட்டத்தட்டச் சதுரம். உன் டிவி அதைத் திரை முழுக்க இழுத்து மூன்றில் ஒரு பங்கு அகலமாக்கிவிட்டது. 4:3 என்று மாற்றினால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். வரட்டும்.

இப்போது ப்ளூரே. இதைப் பற்றிச் சொல்ல லண்டனில் 1993இல் நடந்த தீ விபத்திலிருந்து தொடங்க வேண்டும். அதற்கு முந்திய வருஷம்தான் ராய்க்கு ஆஸ்கர் கௌரவ விருது கொடுத்தார்கள், சில வாரங்களில் அவர் போய்விட்டார். விருதுக்காகப் படத்துணுக்குகள் தேடியபோதுதான் அவருடைய படப்பிரதிகள் எவ்வளவு மோசமான நிலையில் இருக்கின்றன என்று அமெரிக்காவில் பலருக்கும் தெரிந்தது. காப்பாற்றலாம் என்று மூல நெகடிவ்களை அனுப்பி வைத்த லண்டன் லேபிலேயே தீப்பிடித்தது. காப்பாற்ற அனுப்பிய இடத்தில் எரிந்தது என்பதை இன்றைக்கும் என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை. நல்ல வேளையாக, கருகியதையும் சுருண்டதையும் யாரும் குப்பையில் போடவில்லை. அமெரிக்காவில் ஆஸ்கர் அகாடமியின் காப்பகத்தில் இருபது வருஷம் அப்படியே கிடந்தன.

2013இல், பழைய நல்ல படங்களை டிஸ்க்கில் வெளியிடும் அமெரிக்க நிறுவனமான கிரைட்டீரியன் அவற்றை எடுத்து, இத்தாலியில் பொலோன்யாவில் இருக்கும் லிம்மாஜினே ரித்ரொவாதா என்ற படமீட்புக் கூடத்துக்குக் கொண்டுபோனது. ஃபிலிம் காய்ந்து மொறுமொறுவென்று இருந்ததாம். ஒரு கரைசலில் ஈரப்பதம் ஏற்றி மெல்ல விரித்திருக்கிறார்கள். உருகி ஒட்டிய டேப், பசை, மெழுகு எல்லாவற்றையும் கையால் சுரண்டி, ஓரத்துத் துளைகளைத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். ஏறக்குறைய ஆயிரம் மணி நேரம் கைவேலை மட்டும். பதேர் பாஞ்சாலியின் மூல நெகடிவில் 40 சதவீதத்தை மீட்டார்கள், அப்புவின் கதை தொடரும் இரண்டாவது படமான அபராஜிதோவில் 60க்கும் மேல். மூன்றாவது படமான அபூர் சன்சாரில் எதுவும் தேறவில்லை, முழுக்க வேறு பிரதிகளிலிருந்துதான் எடுக்க வேண்டியிருந்தது. முதல் படத்தில் விடுபட்ட மீதியையும் உலகத்தில் வேறு வேறு காப்பகங்களில் இருந்த பிரதிகளை வைத்துத்தான் நிரப்பினார்கள். எல்லாவற்றையும் 4கே ஸ்கேன் செய்து, 2015 மே மாதம் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் முதலில் திரையிட்டார்கள். அந்த வருஷக் கடைசியில் மூன்று படமும் ஒரே பெட்டியாக ப்ளூரேயில் வந்தது.

அதனால் ஒரு ஷாட் பளிச்சென்றும் அடுத்தது சற்று மந்தமாகவும் உனக்குத் தெரிந்தால் டிஸ்க்கைக் குறை சொல்லாதே. நெகடிவிலிருந்து நேராக வந்ததும், நகலின் நகலிலிருந்து வந்ததும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். அப்படி இரண்டு மூன்று இடங்களை நான் பிடித்ததாக நினைக்கிறேன். உன் அம்மாவிடம் காட்டினால் "எல்லாம் ஒண்ணுதான்" என்கிறாள். அவள் சொல்வதுதான் அந்தத் தொழிலாளர்களுக்குக் கிடைத்த பெரிய பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

கணக்குப்படி பார்த்தால் டிவிடியைவிட இதில் கிட்டத்தட்ட நாலு மடங்கு புள்ளிகள். ஆனால் புள்ளியைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது சாம்பல் நிறம். இனிப்புக்காரன் பின்னால் பிள்ளைகளும் நாயும் போவது குளத்தில் தலைகீழாகத் தெரியுமே, அதில் தண்ணீரின் சாம்பலும் வானத்தின் சாம்பலும் வேறு வேறு. நாணல் பூக்களுக்கு மேலே ரயில் புகை போகிறபோது வெள்ளையிலேயே ஏழெட்டு வகை வெள்ளை. அந்தப் பூக்களை முதல் நாள் படம் பிடித்துவிட்டு அடுத்த வாரம் போனால் மாடு மேய்ந்துவிட்டிருந்ததாம். மறுபடி பூக்க அடுத்த வருஷம் வரை காத்திருந்தார்கள். இதையெல்லாம் படம் பிடித்த சுப்ரத மித்ரா அதற்கு முன் சினிமா கேமராவையே இயக்கியதில்லை, வயது 21. கேசட்டைப் பார்த்து அவரை எப்படி மதிப்பிட முடியும்?

முக்கியமாக ஒன்று. படம் முழுக்க மெல்லிய மணல் ஓடுவதுபோலத் தெரியும். அது அழுக்கு இல்லை, ஃபிலிமின் கிரெயின். உன் டிவியில் நாய்ஸ் ரிடக்‌ஷன் என்று ஒன்று இருக்கும், அணைத்துவிடு. அணைக்காவிட்டால் மணலோடு சேர்ந்து பாட்டியின் முகச் சுருக்கமும் போய்விடும். பாட்டியாக நடித்த சுனிபாலா தேவியின் முகத்தில் சுருக்கத்தை எடுத்துவிட்டால் அப்புறம் என்ன இருக்கிறது? அசைவை வழவழப்பாக்கும் வசதியையும் அணை. ஷார்ப்னஸையும் இறக்கு.

இனி நான் ஒப்புக்கொள்ள வேண்டிய விஷயம். துர்கா காய்ச்சலில் கிடக்கிற புயல் ராத்திரி. கேசட்டில் அது முழு இருட்டு, மின்னல் வெட்டும்போது மட்டும் ஏதோ தெரியும். நீ சின்னவள். ராய் அந்தத் தாயின் முகத்தைக் காட்டாமல் இருட்டிலேயே விட்டதுதான் கலை என்று உனக்குப் பிரசங்கம் செய்தேன். அப்போது நீ திரையைக் கையால் தொட்டு, "அப்பா, அங்க பிள்ளையார் ஆடறார்" என்றாய். நான் பார்த்தேன், கறுப்பாக ஏதோ அசைந்தது. "அது பானைம்மா, காத்துல ஆடுது" என்றேன். நீ ஒத்துக்கொள்ளவில்லை. நான் விடவில்லை. பானைதான் என்று உன்னைச் சொல்ல வைத்துவிட்டுத்தான் ஓய்ந்தேன்.

டிவிடியிலும் அந்த இடம் கறுத்துத்தான் கிடக்கிறது, அதனால் பிறகும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. முந்தாநாள் ராத்திரி ப்ளூரேயில் போட்டேன். சர்பஜயாவின் முகம் நன்றாகத் தெரிகிறது. கதவு, படபடக்கிற துணி, அவள் கண்ணில் இருக்கிற பயம் எல்லாம் தெரிகிறது. ராய் எதையும் இருட்டில் விடவில்லை. மாடத்தில் பிள்ளையார் சிலை, காற்றில் நடுங்கிக்கொண்டு. பானை எங்கேயும் இல்லை. டிஸ்க்கை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். மணி இரண்டு. அங்கே உனக்குப் பகல்தான், ஆனாலும் போன் செய்யத் தைரியம் வரவில்லை.

ஆக, ப்ளூரேயை வாங்கு. ப்ளூரே டிஸ்க்குக்கும் பிளேயருக்கும் நாட்டைப் பொறுத்து ஏ, பி, சி என்று மண்டலம் உண்டு, இரண்டும் ஒத்துப்போக வேண்டும். அமெரிக்கப் பதிப்பு ஏ மண்டலம். உன் பிளேயர் அங்கேயே வாங்கியது என்றால் பிரச்சினை இல்லை. இங்கிருந்து கொண்டுபோனது என்றால் சி மண்டலமாக இருக்கும், ஓடாது. பின்பக்கம் அச்சடித்திருப்பதைப் பார்த்துச் சொல். டிவிடியை யாராவது கேட்டால் கொடுத்துவிடப்போகிறேன்.

கேசட்டைத் தூக்கிப் போடச் சொல்கிறாள் உன் அம்மா. நீ வருகிறவரைக்கும் போடமாட்டேன். நேற்றும் அந்த இடத்தை நிறுத்தி நிறுத்தி, கண்ணாடியைப் போட்டும் கழற்றியும் பார்த்துவிட்டேன். எனக்கு இன்னமும் பானையாகத்தான் தெரிகிறது. உனக்கு அதில் எப்படிப் பிள்ளையார் தெரிந்தார் என்று வந்து காட்டு.

அன்புடன்,
அப்பா