புளி வைத்த மாத்திரை

அன்புள்ள நண்பா,

நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். நெஞ்சு தாறுமாறாக அடிக்கிறது, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுத்திருக்கிறார்கள், இரண்டே வாரத்தில் வயிறு எரிகிறது, நிறுத்திவிடலாமா என்று கேட்டாய். ஸ்பீக்கரில் உன் வீடே கேட்டுக்கொண்டிருந்தது, கழிவறைக் கதையை எப்படிச் சொல்வது? அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கும் இதே கோளாறுதான். ரத்தம் உறையாமல் இருக்க எனக்கு முதலில் கொடுத்தது டாபிகட்ரான், 150 மில்லிகிராம், காலையும் இரவும். நான் கட்டிலில் உட்கார்ந்து ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிட்டு அப்படியே சாய்ந்துவிடுவேன். பத்து நாளில் நெஞ்சுக்குழியில் மிளகாய் அரைத்து வைத்த மாதிரி எரிச்சல், காலையில் பசியாறவே பயம். மருந்து கொடுக்கும் பெண்தான் விளக்கினாள். அந்த மருந்து கரைய அமிலம் வேண்டும், அதனால் கேப்சூலுக்குள்ளேயே டார்டாரிக் அமிலத்தை வைத்திருக்கிறார்கள். புளியில் இருக்கிறதே, அதேதான். உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் எரியாமல் என்ன செய்யும்? சாப்பாட்டோடு ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர், அப்புறம் அரை மணி நேரமாவது படுக்காதீர்கள் அங்கிள் என்றாள். கேப்சூலைப் பிரித்துக் கொட்டிச் சாப்பிடவும் கூடாதாம், உடம்பில் சேரும் அளவு எகிறிவிடும். கிழமை போட்ட என் பிளாஸ்டிக் டப்பாவைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள், ஈரம் பட்டால் கெட்டுவிடும், வந்த அட்டையிலேயே இருக்கட்டும் என்று.

எரிச்சல் பாதி அடங்கியது. ஒரு நாள் காலையில் பார்த்தால் மலம் சிவப்பு. கை கால் ஓடவில்லை, மகளை எழுப்பிக் காரில் ஏறிவிட்டேன். பாதி வழியில் அவள் கேட்டாள், "நேத்து ராத்திரி டிராகன் பழம் எத்தனை சாப்பிட்டீங்கப்பா?" இரண்டு. வண்டியைத் திருப்பினோம்.

அந்த வெட்கம்தான் என்னைக் கெடுத்தது. தைப்பூசத்துக்கு இங்கே தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறினேன், 500 படிக்கு மேல், முட்டி வீங்கிவிட்டது, தெரிந்தவர் ஒருவர் கொடுத்த டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையை யாரிடமும் கேட்காமல் ஐந்து நாள் போட்டேன். ஆறாம் நாள் மலம் கறுப்பு. தார் மாதிரி பிசுபிசுப்பு, தண்ணீர் ஊற்றினாலும் போகாது, நாற்றமும் வேறு மாதிரி. இதுவும் ஏதோ தின்றதுதான் என்று இரண்டு நாள் விட்டுவிட்டேன். மாடிப்படியில் தலைசுற்றி உட்கார்ந்த பிறகுதான் ஆஸ்பத்திரி. குழாய் விட்டுப் பார்த்தால் இரைப்பையில் புண். மேலே கசிகிற ரத்தம் செரித்துக்கொண்டே இறங்குவதால் கறுத்துவிடுகிறது. இரும்புச்சத்து மாத்திரை போட்டாலும் கறுக்கும்தான், ஆனால் அதை நீயாக முடிவு செய்யாதே, அன்றைக்கே போய்க் காட்டு.

இப்போது டாபிகட்ரானுக்குப் பதில் எனக்கு அபிக்சபான், 5 மில்லிகிராம், இரண்டு வேளை. அதோடு வயிற்றுக்கு ஓமெப்ரசோல். குடலில் ரத்தம் கசிவது இதில் குறைவு என்று மாற்றினார்கள். முட்டி வலித்தால் பனடோல் (பாராசிட்டமால்தான்) மட்டும், அதுவும் கேட்டுவிட்டுத்தான்.

நீயாக நிறுத்தாதே. இதயத்தில் ரத்தம் கட்டியாக உறைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம், வயிற்று எரிச்சல் அதற்கு முன் ஒன்றுமில்லை. எரிகிறது என்று டாக்டரிடம் சொல்லு, மாற்ற வேறு மருந்து இருக்கிறது. உனக்குக் கொடுத்தது ரிவரோக்சபான் 15 அல்லது 20 மில்லிகிராம் என்றால் வெறும் வயிற்றில் போடாதே, சாப்பாட்டோடு போட்டால்தான் சரியாகச் சேரும்.

முதலில் பெட்டியை எடுத்து, உனக்குக் கொடுத்தது எது, எத்தனை மில்லிகிராம் என்று பார்த்து எழுது. முட்டி வலி, மூட்டு வலி என்று வேறு ஏதாவது மாத்திரை போடுகிறாயா என்பதையும் மறைக்காமல் எழுது.

பினாங்கிலிருந்து,
உன் பழைய பெஞ்சுக்காரன்