இந்த வாரம் நாம் பார்க்கவிருக்கும் ஓவியம்

அன்பு உறுப்பினர்களுக்கு வணக்கம். இந்த வாரம் நாம் சேர்ந்து பார்க்க எடுத்துக்கொண்டிருப்பது, நெதர்லாந்து ஓவியர் யோஹானஸ் வெர்மீர் 1660ஆம் ஆண்டையொட்டி வரைந்த ‘பால் ஊற்றும் பெண்’. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ள இதன் உயரம் 45.5 செ.மீ., அகலம் 41 செ.மீ. மட்டுமே.

ஒரு பணிப்பெண் குடுவையிலிருந்து பாத்திரத்தில் பால் ஊற்றுகிறாள், நிகழ்வது அவ்வளவுதான். ஆனால் அவளுக்குப் பின்னாலுள்ள வெள்ளைச் சுவரைப் பெரிதாக்கிப் பாருங்கள்: அடித்த ஆணி ஒன்றும் அதன் நிழலும், பிடுங்கிய ஆணிகளின் துளைகளும் தெரியும். அந்தச் சுவரில் ஜாடிகளைத் தொங்கவிடும் பலகை ஒன்றை வரையத் தொடங்கிய வெர்மீர், பிறகு அதை வண்ணம் பூசி மறைத்துவிட்டார் என்பதை 2022இல் அருங்காட்சியகம் அறிவித்தது. பலகையை நீக்கியவர் ஆணித் துளைகளை விட்டுவைத்தார் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது. யாரோ எதையோ மாட்டி, கழற்றி, வாழ்ந்த இடம் அது என்பதை அந்தத் துளைகள்தாம் சொல்கின்றன.

ஓவியத்தைப் பத்து நிமிடமாவது பார்த்த பிறகு, உங்கள் வீட்டில் தினமும் கைபடும் ஒரு பொருளையோ, வேலை செய்துகொண்டிருக்கும் ஒரு கையையோ பென்சிலால் வரைந்து, ஞாயிற்றுக்கிழமைக்குள் இங்கே அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். வரையத் தெரியாதவர்களும் தயங்க வேண்டாம். புகைப்படம் வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: கோடு இழுக்கும்போதுதான், பல ஆண்டுகளாகப் பிடித்துப் பிடித்துக் கைப்பிடி எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்பது கண்ணில் படும்.