நவநாள் கணக்கும் நேர்ச்சைக் கணக்கும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஜூன் 13இல் வரும் பதுவை புனித அந்தோணியார் திருவிழாவை முன்னிட்டு உங்கள் இதழில் வெளியான நவநாள் (ஒன்பது நாள் செபம்) குறிப்பில், ஜூன் 5இல் தொடங்கி 13இல் முடிக்கச் சொல்லியிருக்கிறீர்கள். நவநாள் விழாவுக்கான ஆயத்தம். ஒன்பதாம் நாள் விழாவுக்கு முந்தின நாளாக அமையும்படி எண்ணுவதே மரபு. எனவே தொடக்கம் ஜூன் 4, முடிவு 12. ஒன்பது செவ்வாய் அனுசரிப்பவர்களும் இதே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். விழாவுக்கு முந்தின செவ்வாயிலிருந்து 8 வாரம் பின்னால் போனால் முதல் செவ்வாய் கிடைக்கும். 9 வாரம் போனால் ஒன்று கூடிவிடும். பதின்மூன்று செவ்வாய்க்கு 12 வாரம். செவ்வாய் ஏன் என்பதற்குக் கிரகங்களிடம் போக வேண்டியதில்லை. 1231 ஜூன் 13, வெள்ளிக்கிழமை இறந்த அந்தோணியாரை 17ஆம் தேதி, செவ்வாயன்று இத்தாலியின் பதுவை நகரில் அடக்கம் செய்தார்கள். அவ்வளவுதான்.

நடுவில் ஒரு செவ்வாய் தவறினால் மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டும் என்று மிரட்டுவோர் உண்டு. அப்படி ஒரு சட்டம் கிடையாது. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒன்பது பிரதி எடுத்துக் கோவிலில் வைக்காவிட்டால் கேடு வரும் என்று அச்சிட்ட துண்டுச்சீட்டு கைக்கு வந்தால், தயங்காமல் கிழித்துப் போடலாம். அது செபமல்ல, மூடநம்பிக்கை.

நேர்ச்சை வேறு. நவநாளைத் தொடங்கியதாலேயே அது நேர்ச்சையாகிவிடாது. திருச்சபைச் சட்டம் 1191இன்படி, நேர்ச்சை என்பது நன்கு யோசித்து, சுயவிருப்பத்தோடு கடவுளுக்குக் கொடுக்கும் வாக்கு. 'அந்தோணியாருக்கு நேர்ந்தேன்' என்று பேச்சில் சொன்னாலும், பெற்றுக்கொள்பவர் கடவுள்; புனிதர் பரிந்து பேசுபவர். வாக்கு கொடுத்தவரை மட்டுமே அது கட்டும் என்கிறது சட்டம் 1193. பிள்ளைக்காகத் தாய் நேர்ந்துகொண்டது பிள்ளையின் தலையில் கடனாக ஏறாது. நிறைவேற்ற முடியாமல் போனால், நியாயமான காரணம் இருந்தால், பங்குத்தந்தையே விலக்கு அளிக்கலாம் (சட்டம் 1196). இது தெரியாமல் பல ஆண்டு மனச்சுமையோடு இருப்பவர்கள் எத்தனையோ பேர்.

அந்தோணியாருடைய வாழ்க்கையைப் பற்றி உங்கள் குறிப்பில் இரண்டே வரி. கோடி அற்புதர் என்று நாம் அழைக்கும் அவர், தாம் ஆசைப்பட்டுக் கேட்ட வரத்தைப் பெறவே இல்லை. மொராக்கோவில் கொல்லப்பட்ட ஐந்து பிரான்சிஸ்கன் சகோதரர்களின் உடல்கள் போர்த்துக்கல்லின் கொயிம்பிரா நகருக்கு வந்ததைக் கண்டு, 1220இல் அகுஸ்தீனார் சபையை விட்டு பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தார். விசுவாசத்துக்காக உயிர்விடும் மறைசாட்சியாக வேண்டும் என்று மொராக்கோ போனார். நோய் அவரைத் திருப்பி அனுப்பியது. புயல் கப்பலைச் சிசிலிக்குத் தள்ளியது. பிறகு இத்தாலியில் மோந்தே பவோலோ என்ற ஒதுக்குப்புறத்தில் செபமும் பாத்திரம் கழுவுதலும். 1222இல் போர்லி நகரில் ஒரு குருப்பட்ட விழாவில் மறையுரையாற்ற யாரும் முன்வராததால் இவரை எழுந்து பேசச் சொன்னார்கள். அப்போதுதான் இவருடைய கல்வி வெளியே தெரிந்தது. கேட்டது கிடைக்கவில்லை என்று நவநாளைப் பாதியில் விடுகிறவர்கள் இந்தப் பகுதியை வாசிக்கவேண்டும். (படங்களில் பன்றியோடு நிற்பவர் வனத்து அந்தோணியார் என்ற வேறொரு புனிதர், அவர் விழா ஜனவரி 17. பெர்னாண்டோ என்ற இயற்பெயரை விட்டு இவர் எடுத்துக்கொண்டது அவருடைய பெயரைத்தான்.)

தொலைந்த பொருள் தேடித்தரும் புகழுக்கும் ஒரு கதை உண்டு. மடத்தை விட்டு ஓடிய இளந்துறவி ஒருவர், இவர் குறிப்புகள் எழுதிவைத்திருந்த திருப்பாடல் நூலைத் தூக்கிக்கொண்டு போனாராம். இவர் செபிக்க, நூலும் வந்தது, ஆளும் வந்தார். நாம் சாவியைக் கேட்கிறோம்; ஆளை மறந்துவிடுகிறோம்.

கடன் தீர வேண்டுகிறவர்களுக்கு இன்னொன்று. 1231 மார்ச்சில் பதுவை நகராட்சி, உடைமைகளை ஒப்படைத்துவிட்ட கடனாளியைச் சிறையில் அடைக்கக் கூடாது என்று சட்டம் இயற்றியது. அது சகோதரர் அந்தோணி கேட்டுக்கொண்டதால் வந்தது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. அப்படியானால் வட்டிக்குக் கொடுத்தவரும் இந்த நவநாளில் மண்டியிட வேண்டியவர்தான். அந்தோணியார் அப்பமும் அப்படியே. மந்திரித்த பண்டம்போல நமக்குள் பகிர்ந்து உண்டால் அதன் பொருளே போய்விடும். வேண்டுதலோடு சேர்த்து ஏழைக்குக் கொடுக்கும் உணவு அது.

அவருடைய பழைய உருவங்களில் கையில் இருப்பது நூல். குழந்தை இயேசு பின்னாளில் வந்து சேர்ந்தார். நற்செய்தி, பழைய ஏற்பாட்டு வாசகம், திருமுகம், திருப்பலியின் தொடக்கத்தில் வரும் வருகைப் பல்லவி நான்கையும் நான்கு சக்கரத் தேராகப் பூட்டுவதாகத் தம் ஞாயிறு மறையுரைகளின் முன்னுரையில் சொல்கிறார். செவ்வாய்தோறும் மன்றாட்டு மாலை முடிந்ததும், வரும் ஞாயிறுக்குரிய இதே நான்கையும் வாசித்து, பொதுவாக ஓடும் ஒரு சொல்லைத் தேடலாம். 15 நிமிடம் போதும். பாஸ்கா காலத்து ஞாயிறுகளில் முதல் வாசகம் திருத்தூதர் பணிகளிலிருந்து வரும்; பழைய ஏற்பாட்டைக் காணோமே என்று குழம்ப வேண்டாம்.

அடுத்த முறை நவநாள் செபம் அச்சிடும்போது, சரியான தேதிகளையும் நேர்ச்சை பற்றிய மூன்று சட்ட எண்களையும் பெட்டிச் செய்தியாகச் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்