வாத்தைப் பற்றி ஒரு வாக்குமூலம்

செவ்வாய்ப்பேட்டை,
சேலம்.

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். உன் நலமும், மருமகள், பேத்தி நலமும் அறிய ஆவல்.

சென்ற ஞாயிறன்று தொலைபேசியில் பேசும்போது, "அந்த வீடியோ கேம் பெட்டி இருக்கிறதா, பழைய இரும்புக்காரரிடம் போய்விட்டதா?" என்று கேட்டாய். இருக்கிறது. பரணில் அண்டாவுக்குள், உன் பள்ளிக்கூடப் பைக்கு அடியில் இருந்தது. இரண்டு ரிமோட்டுகள், ஆரஞ்சு நிறத் துப்பாக்கி, மூன்று கேசட்டுகள் என எல்லாவற்றையும் இறக்கித் துடைத்து வைத்திருக்கிறேன். நீ கேட்டது ஒரு வரி. எனக்குச் சொல்ல இருப்பதோ அதிகம் என்பதால்தான் இந்தக் கடிதம்.

1983 ஜூலையில் ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட ஃபேமிகாம் என்ற கருவியின் நகல்தான் நம் பெட்டி. அசலின் உற்பத்தி 2003-இல் நின்றுவிட்டது. நகலோ 1998-இல், நீ நான்காம் வகுப்பு படித்தபோது, கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா விடுமுறையில் நம் வீட்டுக்கு வந்தது. அதனுடன் கிடைத்த கேசட்டின் மேல் தொண்ணூற்றொன்பது இலட்சத்துச் சொச்சம் விளையாட்டுகள் உள்ளதாக அச்சிட்டிருந்தார்கள். நீ ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு ஒவ்வொன்றாக எழுதிச் சரிபார்த்து, இருபத்திரண்டுக்குப் பிறகு அதே விளையாட்டுகள்தான் வேறு பெயரிலும் வேறு கட்டத்திலும் திரும்பத் திரும்ப வருகின்றன என்று கண்டுபிடித்தாய். விற்ற கடைக்காரரிடம் கேட்டதற்கு, "இருபத்திரண்டு போதாதா தம்பி?" என்றார். அன்று எனக்குக் கோபம் வந்தது உண்மை. இப்போது எண்ணிப் பார்த்தால், அவற்றில் நாம் மனதாரத் திரும்பத் திரும்ப ஆடியது நான்கைத் தாண்டாது.

மேரியோ உன் விளையாட்டு. எட்டு உலகம், உலகத்துக்கு நான்கு கட்டம், ஆக முப்பத்திரண்டு. இடையில் சேமித்து வைக்க வழியே கிடையாது. நீ ஏழாவது உலகத்தில் இருக்கும்போது மின்சாரம் போய், அழுகையை அடக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறிச் சென்ற இரவுகள் எத்தனை! அந்த விளையாட்டில் எனக்குப் பிடித்தது வேறு. மேலே மிதக்கும் மேகமும் கீழே நிற்கும் புதரும் ஒரே வடிவம். ஒன்று வெள்ளை, மற்றொன்று பச்சை. மொத்த விளையாட்டையும் நாற்பது கிலோபைட்டுக்குள் அடக்க வேண்டியிருந்ததால், ஒரே படத்துக்கு இரண்டு நிறம் பூசி இரண்டு வேலை வாங்கியிருக்கிறார்கள். ஒரே அச்சில் தட்டிய பூவைக் கொலுசிலும் வைப்போம், மெட்டியிலும் வைப்போம். பட்டறைக்காரனுக்கு அந்தச் சிக்கனத்தின் அருமை தெரியும்.

இருவர் சேர்ந்து சுட்டுக்கொண்டே முன்னேறும் கான்ட்ரா விளையாட்டைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். அருவியில் மேலே ஏறும் கட்டத்தில் நீ வேகமாகத் தாவிக்கொண்டே போக, திரையும் உன்னோடு மேலே நகர, பின்தங்கிய நான் ஒவ்வொரு முறையும் திரையின் அடிவிளிம்பில் விழுந்து செத்தேன். அதற்கு நீ ஒரு முறைகூட வருத்தப்பட்டதில்லை.

என்னைக் கேட்டால், அந்தப் பெட்டியிலேயே சிறந்தது டேங்க் விளையாட்டுதான். பேட்டில் சிட்டி என்பது அதன் பெயர். நாம்கோ நிறுவனம் 1985-இல் வெளியிட்டது. இரவு பட்டறையைப் பூட்டிவிட்டு வந்து, சாப்பிட்டுக் கைகழுவிய ஈரத்தோடு உன் பக்கத்தில் உட்காருவேன். உனக்கு மஞ்சள் டேங்க், எனக்குப் பச்சை. கீழே நடுவில் செங்கல் சுவருக்குள் கழுகு. அதைக் காப்பது என் பொறுப்பு, மேலே போய்ச் சண்டையிடுவது உன் பொறுப்பு. ஒரு கட்டத்துக்கு எதிரி டேங்குகள் இருபது. திரையின் வலது ஓரத்தில் அவற்றைச் சின்னச் சின்னப் பொம்மைகளாக அடுக்கி வைத்திருப்பார்கள். புதிதாக ஒன்று களத்தில் இறங்கும்போதெல்லாம் அடுக்கில் ஒன்று குறையும். பொட்டலம் கட்டும் மேசையில் ஜோடிகளை எண்ணுவதுபோல நான் அந்த அடுக்கையே பார்த்துக்கொண்டிருப்பேன். மண்வெட்டிப் படம் கிடைத்தால் கழுகைச் சுற்றிய செங்கல் சிறிது நேரம் இரும்பாகிவிடும் என்பதால், அதை எடுக்க மட்டும் என் இடத்தைவிட்டு நகர்வேன். பதற்றத்தில் திரும்பி நம் கழுகை நானே சுட்டுவிட்ட அந்த இரவில், நீ ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போய்ப் படுத்துக்கொண்டாய். மறுநாள் காலை பள்ளிக்குக் கிளம்பும்போதுதான், "இனிமேல் நீங்கள் கீழ்ப்பக்கம் திரும்பவே கூடாது அப்பா" என்றாய். அந்தக் கட்டளையை இன்றுவரை மீறவில்லை.

கேசட்டுகள் இன்னும் ஓடுகின்றனவா என்று கேட்பாய். மூன்றில் இரண்டு ஓடுகின்றன. ஓடாத கேசட்டை வாயால் ஊதுவது அந்நாளில் தெருப் பிள்ளைகளின் வைத்தியம். நான் திட்டியும் நீ ஒளிந்து ஒளிந்து ஊதினாய். மூச்சின் ஈரம் உலோகத்துக்குப் பகை என்பது வெள்ளியோடு புழங்குகிறவனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நின்டெண்டோ நிறுவனமே பின்னாளில் ஊத வேண்டாம் என்று எச்சரித்தது. கழற்றித் திரும்பச் செருகும்போது கேசட்டின் உலோகக் கால்கள் சரியாகப் பொருந்துவதால் ஓடியதை, ஊதியதால் ஓடியதாக நீங்கள் நினைத்துக்கொண்டீர்கள். கறுத்திருந்த கால்களை அழிப்பானால் மெல்லத் தேய்த்து, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தேன், படம் வந்துவிட்டது.

ஆனால் நீ வாங்கி அனுப்பிய தட்டைத் தொலைக்காட்சியில், வாத்துச் சுடும் விளையாட்டுக்கான துப்பாக்கி மட்டும் வேலை செய்யவில்லை. வாத்து பறக்கிறது, சுட்டால் விழவில்லை, நாய் எழுந்து சிரிக்கிறது. கெட்டுவிட்டது என்று நினைத்தேன். டிவி பழுது பார்க்கும் தம்பிதான் விளக்கினார். துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே போவதில்லையாம். அதன் வாய்க்குள் இருப்பது வெளிச்சத்தைப் பார்க்கும் ஒரு கண். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுத்து, அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் தோன்றும். முதலில் இருட்டையும் அடுத்து வெளிச்சத்தையும் அந்தக் கண் கண்டால்தான் வாத்து விழும். குண்டு பல்பை நோக்கிச் சுட்டு ஏமாற்றப் பார்த்தாயே, அது ஏன் பலிக்கவில்லை என்பது இப்போது புரிகிறதா? தட்டைத் திரை படத்தைச் சற்றுத் தாமதித்துக் காட்டுகிறது. பெட்டியோ அதுவரை காத்திருப்பதில்லை. ஆகவே பழைய படக்குழாய் தொலைக்காட்சியையும் பரணிலிருந்து இறக்க வேண்டியதாயிற்று. உன் அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இனி, சொல்ல வேண்டியதற்கு வருகிறேன். ஒற்றை வாத்து வரும் ஆட்டத்தில், நீ துப்பாக்கியைப் பிடித்திருக்கும்போது, முதல் ரிமோட் எப்போதும் என் மடியில் இருக்கும். வயர் காலில் தட்டாமல் இருக்கப் பிடித்திருப்பதாக உன்னிடம் சொல்லியிருந்தேன். அது பொய். அந்த ரிமோட்டில் திசைப் பொத்தானை அழுத்தினால் வாத்து நாம் சொல்லும் பக்கம் பறக்கும். முதலில் உன்னைச் சீண்டத்தான் செய்தேன். நீ குறிவைக்கும் நேரத்தில் வாத்தை எதிர்ப்பக்கம் திருப்புவேன், நீ அதை மகா கெட்டிக்கார வாத்து என்பாய். பிறகு, பத்தில் நான்குகூட விழாமல் உன் கீழுதடு துடிக்கத் தொடங்கிய ஒரு நாளில், வாத்தை உன் துப்பாக்கிக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தப் பழகினேன். பத்துக்குப் பத்து அடித்ததாக நம் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாயே, அதில் எத்தனை உன்னுடையவை, எத்தனை என்னுடையவை என்று இன்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. சில நிச்சயம் உன்னுடையவைதான். என் கட்டைவிரல் அவ்வளவு வேகம் இல்லை.

மார்கழி விடுமுறைக்கு வரும்போது பேத்தியிடம் இதைச் சொல்லிவிடாதே. துப்பாக்கி அவளுக்கு, முதல் ரிமோட் எனக்கு. டப்ளினில் கிடைத்தால் ஓர் ஏ.வி. கேபிள் மட்டும் வாங்கி வா. இருப்பதன் மஞ்சள் முனையைக் கையால் பிடித்துக்கொண்டே இருந்தால்தான் படம் நிற்கிறது, எனக்கோ இரண்டு கைகளும் வேண்டும்.

அன்புடன்,
அப்பா